குடிக்காதவனின் கல்லீரல்

திருச்சுழி
19.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜகுரு எழுதுவது. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா உங்க நம்பரை பிளாக் பண்ணச் சொல்லிருச்சு மாமா. நான்தான் பண்ணிக் குடுத்தேன், கோவிச்சுக்கிடாதீக" என்றாள் ரோஷினி. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இந்தக் கடிதம் எழுதுவதற்குப் பாதிக் காரணம் மதுரை டாக்டர். ஆஸ்பத்திரியில் இருந்தபோது பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் முழித்துக்கொண்டு கிடந்தேனாம். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்லீரல் சரியா வேலை செய்யலேன்னா, அது வடிகட்ட வேண்டிய கழிவெல்லாம் மூளைக்கு ஏறிடும். புத்தி மந்தமாகும். முதல்ல கையெழுத்துலதான் தெரியும். தினமும் ஒரு பக்கம் ஏதாவது எழுதி வைங்க."

ஏதாவது என்றால் நான் எதை எழுத? முதல் நாள் கடையில் இருக்கிற சரக்கை எழுதினேன். பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, மக்காச்சோள மாவு. சரஸ்வதி எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு எழுதுனது போதும், மனுசருக்கு எழுதுங்க" என்றாள். அப்போது உன் நினைப்புதான் வந்தது.

நடந்ததை நீ என் வாயால் கேட்கவே இல்லை. பொங்கல் கழிந்த வாரம். கடையில் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் இருந்தே வயிறு ஒரு மாதிரி இருந்தது. குமட்டியது. வாசலுக்குப் போவதற்குள் வந்துவிட்டது. ஏதோ சாப்பிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் ரத்தம். நம் லோடு வேன் டிரைவர் காளிராஜ்தான் என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டு அருப்புக்கோட்டைக்கு ஓட்டினான். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் புடைத்து வெடித்திருந்த நாளத்துக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். அதனால்தான் பிழைத்தேன்.

மறுநாள் காலையில் திரும்பவும் வாந்தி எடுத்தேன். உள்ளே தங்கியிருந்த பழைய ரத்தம் அது. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். வார்டு வாசலில் நின்றாய். ரத்தம் இருந்த தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "நீயுமாலே?" என்றாய். அவ்வளவுதான். மூக்கில் குழாய் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. கையை ஆட்டினேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா, நான் குடித்ததில்லை. பீர்கூட இல்லை. இதைச் சொல்லத்தான் அன்றைக்குக் கையை ஆட்டினேன்.

உன் தம்பி
ராஜகுரு


பாலவனத்தம்
27.02.2024

ராஜகுருவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தானும் இதைத்தான் சொன்னார். என் தலையில் கையை வைத்து, "கனகு, நான் தொடல. இது அல்சரு" என்றார். நானும் அல்சருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவரைப் பெற்றவர்களும் அல்சர் என்றார்கள். கடையில் கூட நின்ற ஆட்களும் அல்சர் என்றார்கள். குளியலறைக்கு மேலே தகரத்துக்கு அடியில் இருந்து பாட்டில்களை இறக்கியவள் நான். கடைசியில் அவர் வாந்தி எடுத்ததைக் கழுவினவளும் நான்தான். எனக்கு அந்த நிறம் தெரியும், அந்த வாடை தெரியும்.

உன் வார்டு வாசலில் அதே வாடை வந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே நின்றிருந்தால் விழுந்திருப்பேன். கோபத்தில் மட்டும் திரும்பிப் போனேன் என்று நினைக்காதே.

நீ சொல்வதை நம்பு என்றால் எப்படி நம்புவது? நம்பி நம்பித்தான் நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

வளையம் போட்ட இடம் புண்ணாக இருக்கும். முறுக்கு, சேவு, வறுவல் எதையும் தொடாதே. காப்பியை ஆற வைத்துக் குடி. சோற்றைக் குழைய வடித்துக் கரைத்துக் கொடுக்கச் சொல் சரஸ்வதியை.

கனகலட்சுமி


திருச்சுழி
08.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதிவிட்டு அதற்குக் கீழேயே காப்பியை ஆற வைத்துக் குடி என்று எழுதியிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

என்னை நம்பு என்று இனிமேல் கேட்கவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னதை மட்டும் அப்படியே சொல்கிறேன். நானும் அவரிடம் உன் கேள்வியைத்தான் கேட்டேன். "சார், குடிக்காதவனுக்கு எப்படி சார் இது வரும்?"

அவர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "சுகர் எத்தனை வருசமா இருக்கு? நாள் பூரா உக்காந்துதான வேலை? கொழுப்பு கல்லீரல்ல போய்ப் படியும். அது வருசக்கணக்கா இருந்தா உள்ளுக்குள்ள புண்ணாகித் தழும்பாகி, கடைசில கல்லு மாதிரி இறுகிடும். சாராயம் செய்யற அதே வேலைய சர்க்கரையும் கொழுப்பும் செய்யும். மஞ்சக்காமாலை கிருமியாலயும் இப்படி ஆகும். சிலருக்குக் கல்லீரலுக்குப் போற குழாயில ரத்தம் உறைஞ்சும் ஆகும். உங்களுக்கு எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தாச்சு. இது சர்க்கரை செஞ்ச வேலைதான்."

குடலில் இருந்து கிளம்புகிற ரத்தம் முழுவதும் ஒரு பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டுமாம். கல்லீரல் இறுகிப்போனால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. தேர்த் திருவிழாவுக்கு மெயின் ரோட்டை அடைத்துவிட்டால் லாரியெல்லாம் சந்துக்குள் நுழையுமே, அது மாதிரி ரத்தம் சின்னச் சின்ன நாளங்களுக்குள் புகுந்துவிடுகிறது. லாரி போகிற அளவுக்குச் சந்து தாங்குமா? அதுதான் புடைத்து உடைந்தது. மண்ணீரலும் வீங்கியிருக்கிறது. அழுத்தம் குறைய ஒரு மாத்திரை தந்திருக்கிறார்கள். அதைப் போட்டால் நாடி மெதுவாக அடிக்கிறது. மாடி ஏறினால் கால் கனக்கிறது.

ஊர் என்னை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் நீயே சிரிப்பாய். எம்.ரெட்டியபட்டியில் இருந்து தங்கபாண்டி என்று ஒருவர் தவிடு வாங்க வருவார். காலையிலேயே ஊற்றிக்கொள்கிற ஆள். போன வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸுதான்னு கேள்விப்பட்டேன். வெளிய தெரியாம எப்படிச் சமாளிச்சீக?" என்றார். பாராட்டுகிற மாதிரி கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. "ஏலே, நீ முதல்ல போயி ஒரு ஸ்கேன் எடு" என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்று. பத்து நாளாக வயிறு பெருத்துக்கொண்டு வருகிறது. சாப்பாட்டால் இல்லை, நீர். உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. சரஸ்வதி எனக்குத் துணையாகத் தானும் உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

உன் தம்பி
ராஜகுரு


பாலவனத்தம்
22.03.2024

தம்பி ராஜகுருவுக்கு,

சுகருக்கு மாத்திரை எழுதி வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "குடிக்காத ஆளு ரத்த வாந்தி எடுக்குமா, கல்லீரல் கெடுமா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். "ஏன் கெடாது? இப்பல்லாம் அப்படித்தாம்மா நெறையப் பேரு வாராக. பொம்பளைக கூட வாராக" என்றார்.

நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாலவனத்தம் பஸ் வந்து போனது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

இப்போது சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். உப்பை எடுத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றால் யாருக்கும் இறங்காது. புளிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எலுமிச்சம்பழம், மாங்காய், தக்காளி. சின்ன வெங்காயத்தை நன்றாக வதக்கி, மல்லி சீரகம் மிளகு வறுத்து அரைத்துப் போட்டால் நாக்கு ஏமாறும். உன் அத்தானுக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் விற்கிற எந்தப் பாக்கெட்டும் வேண்டாம். அதில்தான் உப்பு ஒளிந்திருக்கும். சரஸ்வதி தனியாக உப்புப் போட்டுச் சாப்பிடட்டும். அவளையும் சேர்த்துப் பட்டினி போடாதே.

காலையில் காப்பி குடிப்பதற்கு முன் எடை பார். நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதில்தான் தெரியும்.

வயிற்றுப்போக்கு மாதிரி ஆக ஒரு சிரப் கொடுத்திருப்பார்களே, அதை விட்டுவிடாதே. குடலில் தங்கினால்தான் அந்த விஷம் தலைக்கு ஏறும். உன் அத்தான் அதை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு குடித்தேன் என்பார். கடைசி வருஷம் அவர் பட்டப்பகலில் படுக்கையை விரித்தார். என்னை அவுக அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குடிபோதை என்று நினைத்து நான் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அது போதை இல்லை என்று டாக்டர் சொன்னபோது நேரமாகிவிட்டது.

அதனால் சொல்கிறேன். குடி.

கனகலட்சுமி


திருச்சுழி
05.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாங்காய் போட்ட பருப்பு இறங்குகிறது. இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன், அதனால் கடை விஷயம் எழுதுகிறேன்.

வெயில் ஏறிவிட்டது. குண்டாற்றில் மணல்தான் இருக்கிறது. வெளியே புல் இல்லாததால் தீவனம் நன்றாகப் போகிறது. காலையில் கூட்டம் நிற்கிறது. இதில் ஒரு சங்கடம். அந்தச் சிரப்பைக் குடித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஓட வேண்டியிருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தெருவே இருக்கிறது. நேற்று முன்தினம் ஒருவர் கையில் மூட்டையைக் கொடுத்துவிட்டு ரூபாய் வாங்காமல் ஓடினேன். நான் திரும்பி வரும்வரை அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அது போக, சர்க்கரைக்காரனுக்குப் பாகு மாதிரி இனிக்கிற மருந்தைக் கொடுத்தால் மனசு கேட்குமா? அந்த இனிப்பு ரத்தத்தில் சேராது என்று மதுரை வார்டு நர்ஸ் தங்கச்செல்வி படித்துப் படித்துச் சொன்னார்.

காளிராஜ் வாராவாரம் பாலவனத்தத்துக்கு லோடு இறக்க வருகிறான். தபாலுக்குப் பதில் இனிமேல் அவனிடமே கொடுத்துவிடுகிறேன். நீ சொல்லிய பொடி அரைத்தால் கொஞ்சம் அவனிடம் கொடுத்தனுப்பு.

அடுத்த வளையம் போன மாதமே போட்டாயிற்று. இன்னும் இரண்டு இடம் புடைத்திருக்கிறதாம்.

ராஜகுரு


திருச்சுழி
31.04.2014

அக்காவுக்கு அக்காவுக்கு,

நலம். பொடி வந்தது. பொடி வந்தது நல்ல பொடி. அத்தானைக் காலைப் பஸ்ஸுக்கு அனுப்பு கடையில் ஆள் இல்லை மூட்டை எல்லாம் நனைகிறது மழை விடவில்லை. சரஸ்வதி எங்கே என்று தெரியவில்லை அவள் அம்மா வீட்டில் என்று சொல்கிறார்கள் யார் சொன்னது.

தூக்கம் பகலில் வருகிறது. கை எழுதவில்லை. புண்ணாக்கு தவிடு புண்ணாக்கு

அத்தானிடம் கோபம் இல்லை என்று சொல்லு

ராஜ ராஜகு


திருச்சுழி
19.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. ஊசி குத்திய கை. இன்றைக்கு என்ன தேதி, எந்த வருஷம், யார் முதலமைச்சர் என்று சரஸ்வதி காலையில் பரீட்சை வைத்து, பாஸ் ஆன பிறகுதான் பேனாவைக் கொடுத்தாள்.

நான் செய்த காரியம் உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். சரஸ்வதி அவுக அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்குப் போனாள். கடையில் ஓட முடியவில்லை என்று நான் சிரப்பை நிறுத்திவிட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் சரியாகக் குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. காளிராஜிடம் ஏதோ கடிதம் கொடுத்தேனாம். அதை நீ பிரித்துப் பார்த்துவிட்டு, அவனுடைய வேனிலேயே ஏறித் திருச்சுழிக்கு வந்தாயாம். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

அக்கா, நீ மதுரையில் என்னோடு இருந்தாய் என்கிறார்கள். சரஸ்வதி வந்த பிறகும் நீ போகவில்லை என்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. நீ வந்து நிற்க வேண்டும் என்று எத்தனை மாதமாக நினைத்தேன். வந்தபோது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் கண் தெளிந்து பார்க்கிறபோது பக்கத்தில் சரஸ்வதிதான் இருந்தாள். "அக்கா இப்பத்தான் கீழ எறங்கிப் போனாக" என்றாள்.

ஏன் போனாய்? நான் உன்னிடம் என்ன பேசினேன்? எதையும் மறைக்காமல் எழுது.

உன் தம்பி
ராஜகுரு


பாலவனத்தம்
26.05.2024

ராஜாவுக்கு,

மறைக்கவில்லை. எழுதுகிறேன்.

காளிராஜ் கொடுத்த கடிதத்தில் தேதியைப் பார்த்தேன். ஏப்ரலில் முப்பத்தொன்று. அத்தானை பஸ்ஸுக்கு அனுப்பு என்று எழுதியிருந்தாய். அவர் போய் எத்தனை வருஷம் ஆகிறது. வெளியே நெருப்பாய்க் காய்கிற வெயிலில் மூட்டை நனைகிறது என்று எழுதியிருந்தாய். சரஸ்வதிக்கு ஃபோன் போட்டேன். அம்மா வீட்டில் இருக்கிறேன் என்றாள். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை, வேனில் ஏறிவிட்டேன்.

நர்ஸ் தங்கச்செல்வி உன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி விரலை நிமிர்த்தி வைக்கச் சொன்னது. உன் கை நிற்கவில்லை. சிறகு மாதிரி அடித்துக்கொண்டது. பின்பக்கமாக மருந்து ஏற்றிக் குடலைக் கழுவினார்கள். மூக்குக் குழாயில் சிரப் ஊற்றினார்கள். "சரியான நேரத்துல கூட்டியாந்துட்டீக. கோமாவுக்குப் போயிருந்தா கஷ்டம்" என்றது அந்தப் பிள்ளை.

நீ என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. என்னை யாரோ ஆஸ்பத்திரி ஆயா என்று நினைத்துக்கொண்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, ஒரு பேப்பர் இருக்குமா?" என்று கேட்டாய். எதுக்கு என்றேன்.

"எங்கக்கா பாலவனத்தத்துல இருக்கா. போன் எடுக்க மாட்டா. அவளுக்கு ஒரு லெட்டர் போடணும்."

"என்ன எழுதணும்?"

"அவ சாப்ட்டாளான்னு கேக்கணும். தனியா இருக்கா. தனியா இருக்கவுக ஒழுங்காச் சாப்பிட மாட்டாக."

பேப்பர் இல்லை என்று சொல்லிவிட்டேன். "சரி, நாளைக்குத் தாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலில் இருந்து அதையே கேட்டாய்.

ஏன் போனாய் என்று கேட்கிறாய். மூன்றாம் நாள் காலையில் சரஸ்வதியை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். குரல் தெளிவாக இருந்தது. அடுத்து என்னைப் பார்ப்பாய், "வாக்கா" என்பாய். அப்போது நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன். கீழே டீக்கடையில் நின்று சாப்பிட்டேன். இரண்டு இட்லி. நீ கேட்டாயே என்று.

சிரப்பை நிறுத்தியதற்கு உன்னை வைவதற்கு நிறைய இருக்கிறது. உடம்பு தேறட்டும்.

அக்கா


திருச்சுழி
04.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சரஸ்வதியும் வாசித்தாள். வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, "கல்யாணமாகி இத்தனை வருசத்துல எனக்கு ஒரு வரி எழுதிருப்பீகளா?" என்று சண்டை பிடித்தாள். பகலெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு எதை எழுத என்றேன். அதற்கும் சண்டை.

சிரப்பைக் குடிக்கிறேன். கடைக்குப் பின்னால் தகரம் வைத்து ஒரு கக்கூஸ் கட்ட ஆள் சொல்லியாயிற்று. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

வயிற்றில் இருந்து நீரை ஊசி போட்டு எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் என்னையும் சரஸ்வதியையும் உட்காரவைத்துப் பேசினார். வளையம், மாத்திரை, சிரப் எல்லாம் தாங்கிப் பிடிக்கத்தானாம். கல்லீரல் தேறாது. என்றைக்காவது மாற்றுக் கல்லீரல் வைக்க வேண்டியிருக்கும், இப்போதே அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிந்து வையுங்கள் என்றார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரைக்கும் ஒழுங்காக இருந்தால் நல்ல நாட்களே நிறையக் கிடைக்கும் என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

எழுந்திருக்கும்போது கேட்டார்: "கூடப் பிறந்தவங்க யாருக்காவது சுகர் இருக்கா?"

அக்காவுக்கு என்றேன்.

"அவங்க கல்லீரலைப் பாத்தீங்களா?"

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அருப்புக்கோட்டையில் அந்த ஸ்கேன் இருக்கிறது. வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தால் போதும். ஊசிகூட இல்லை. போய் எடு, அக்கா.

ராஜகுரு


பாலவனத்தம்
11.06.2024

ராஜாவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். வலியில்லை, வீக்கமில்லை.

உன் அத்தானுக்கு ஸ்கேன் எடுக்க எத்தனை தடவை அந்தப் படியில் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் அங்கே ஸ்கேன் எடுக்கிற பிள்ளைகள் வெளியே வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கவரைக் கொடுத்தார்கள். இனி அந்தப் படியை என்னால் ஏற முடியாது. தெரிந்துகொண்டு மட்டும் என்ன செய்யப் போகிறேன்? ரோஷினிக்கு வேலை கிடைத்த இந்த நேரத்தில் அவளைக் கலங்கடிக்க வேண்டுமா?

உன் உடம்பைப் பார். என்னை விடு.

அக்கா


திருச்சுழி
15.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வலியில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எங்கே வலித்தது? ஆறேழு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை என்று சொன்னதும் சந்தோஷமாகப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த ரிப்போர்ட்டைப் போன வாரம் சரஸ்வதி தேடி எடுத்தாள். அதில் ஒரு ஓரமாக, கல்லீரலில் கொழுப்பு என்று போட்டிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வலிக்காத இடத்தை யார் கவனிக்கிறார்கள்?

அன்றைக்குத் தெரிந்திருந்தால் நடந்தே சரி செய்திருக்கலாம் என்றார் டாக்டர். தழும்பாகி இறுகுவதற்கு முன்னால் என்றால் கல்லீரல் தானாகவே தேறிவிடுமாம். உடம்பில் வேறு எந்த உறுப்பும் அப்படித் தேறாதாம். தெரிந்துகொண்டு என்ன செய்ய என்று கேட்டாயே, இதைத்தான் செய்யலாம்.

அத்தான் ரிப்போர்ட்டை நீ வாங்கியபோது காலம் கடந்திருந்தது. எனக்கும் கடந்துவிட்டது. உனக்கு அப்படி ஆகியிருக்காது என்று என் மனசு சொல்கிறது. அப்படி ஆகியிருந்தாலும் நான் இருக்கிறேன். வளையம் போடும்போது எச்சிலை விழுங்காமல் எப்படிப் படுக்க வேண்டும் என்பதில் இருந்து எல்லாம் எனக்குத் தெரியும்.

படி ஏற முடியாது என்றால் சொல். நான் வாரேன். இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு உன்னோடு ஏறுகிறேன்.

ராஜகுரு


பாலவனத்தம்
01.07.2024

அன்புள்ள தம்பி ராஜாவுக்கு,

நீ வந்துவிடாதே என்று உனக்குச் சொல்லச் சொல்லித்தான் ரோஷினிக்கு ஃபோன் போட்டேன். அவள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். "மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாக. கெளம்புமா" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

முந்தின வாரம் சனிக்கிழமை போனோம். படியேறும்போது ரோஷினி பின்னால் என் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். படுக்கவைத்து, வலது விலாவில் ஜெல்லைத் தடவி, ஒரு கருவியை வைத்துத் தட்டினார்கள். குழந்தை உதைக்கிற மாதிரி இருந்தது. எழுந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன். முகத்தைத் திருப்பவில்லை. "பெரியம்மா, துடைச்சுக்கோங்க" என்று பேப்பரைக் கொடுத்தது.

கொழுப்பு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. இறுக்கம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எடையக் குறைச்சு சுகர ஒழுங்கா வச்சா இது திரும்பிரும். நல்ல நேரத்துல வந்தீக. யாரு சொல்லி வந்தீக?" என்று கேட்டார்.

என் தம்பி என்றேன். ரோஷினிதான் மீதியைச் சொன்னாள்.

அன்றைக்கு இருந்து விடியற்காலையில் விருதுநகர் ரோட்டில் நடக்கிறேன். முருகலட்சுமியும் துணைக்கு வருகிறாள், பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் சுகர்தான். வீட்டில் சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். முதல் நாள் காப்பி கசந்தது. இப்போது கசப்பு பழகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை உனக்கு மதுரையில் வளையம் பார்க்கிற நாள் என்று சரஸ்வதி சொன்னாள். அன்றைக்கே பட்டியலில் பெயர் பதியவும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் கடையைப் பார்க்கட்டும். அந்த டாக்டரிடமே எனக்கும் அன்றைக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். நீ திருச்சுழியில் இருந்து முதல் பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டையில் இறங்கு. நான் இங்கிருந்து வந்து மதுரை பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். குழாய் விடுவார்கள் என்பதால் நீ ஒன்றும் சாப்பிடாமல்தான் வர வேண்டும். முடிந்ததும் கொடுக்கக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வாரேன். ஆறித்தான் இருக்கும்.

பெயர் பதிகிற இடத்தில் ஆபரேஷன் என்று வந்தால் கூட இருந்து பார்த்துக்கொள்வது யார் என்று கேட்பார்களாம். தங்கச்செல்வியிடம் விசாரித்துவிட்டேன். மாதக்கணக்கில் இருக்க வேண்டுமாம். உன் வீட்டுக்காரி என்று சொல்லாதே, அவளுக்குக் கடை இருக்கிறது, வயதான அம்மா இருக்கிறார்கள். எனக்கு ஒரு தோட்டம்தான். அதை முருகலட்சுமி பார்த்துக்கொள்வாள்.

யார் என்று கேட்டால் திரும்பி என்னைப் பார். அக்கா வந்திருக்கா என்று சொல்.

கனகலட்சுமி